வெட்டச் சொன்ன முதுகு

எங்கள் வீட்டுச் சமையலறையில் படம் எடுக்கப் போவதாக அவன் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, அபார்ட்மென்ட் ஆபீஸுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது. படம் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. ஒரே சலவைக் கூடையில் துணி போட்டு வருடக்கணக்கில் சேர்ந்து வாழ்கிறோம். ஆனாலும் அவன் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது ‘யாருக்காவது தெரிஞ்சா?’ என்பதுதான். என் புத்தி அப்படி வளர்ந்துவிட்டது. எனக்குக் கோபமும் சட்டென்று வரும், குற்ற உணர்ச்சியும் சட்டென்று வரும். கோபம் காபி ஆறுவதற்குள் போய்விடும், மற்றது போகாது. அன்றும் அப்படித்தான், கேட்பதைக் கேட்டுவிட்டு அரை நாள் அவன் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அவன் பிலிப்பைன்ஸ்காரன். எனக்கு நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் ஒரு மருந்து கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் இரவு ஷிஃப்ட். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் புரட்டிப் போட்டு, தூக்கி உட்கார வைத்து, துடைத்து, உடை மாற்றுகிற வேலை. நாங்கள் சந்தித்தது எடிசனில் ஓர் இந்திய மளிகைக் கடையில். மிச்சமிருந்த ஒரே கட்டு முருங்கைக் கீரைக்கு இரண்டு பேரும் கை நீட்டினோம். ‘இதை நீ என்ன செய்யப் போற?’ என்று நான் கொஞ்சம் திமிராகவே கேட்டேன். ‘நாங்க சூப்ல போடுவோம், நீ என்ன செய்வ?’ என்றான். கீரையை அவனே எடுத்துக்கொண்டான், கடைசியில் அவன் வீட்டில்தான் நானும் சாப்பிட்டேன். நாங்கள் பேசிக்கொள்வது இங்கிலீஷ். ‘டா’ என்ற ஒரு சொல்லை மட்டும் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டு இஷ்டத்துக்குப் பயன்படுத்துவான்.

மணிலாவில் இருந்தபோது அவன் சின்னச் சின்னப் படங்களில் உதவி இயக்குநராக இருந்தவன். ஸ்டுடியோ கிடையாது, பெரிய முதலாளி கிடையாது. யாரோ ஒருவர் வீட்டைக் கேட்டு வாங்கி, தெருவில் இருப்பவர்களையே நடிக்க வைத்து, சில நாட்களில் எடுத்து முடிக்கிற படங்கள். நடிகனுக்குச் சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் அவன் வீட்டுக்கு அரிசி மூட்டை போகுமாம். இரண்டு ஆண்கள் காதலிக்கிற படங்களையும் அவர்கள் எடுத்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவன் குரல் மாறிவிடும்.

‘அந்த மாதிரிப் படம்னா ஒருத்தன் குப்பத்துல இருக்கணும், உடம்ப விக்கணும், கடைசில செத்துப் போகணும். அப்பதான் வெளிநாட்டு ஃபெஸ்டிவல்காரங்க கூப்பிடுவாங்க. எங்க பசியையும் எங்க முத்தத்தையும் சேத்து பேக் பண்ணி ஏத்துமதி பண்ணோம். நானும்தான் பண்ணேன். அந்தச் சம்பளத்துலதான் என் தங்கச்சி நர்சிங் படிச்சா. அதனால திட்டவும் முடியல.’

இப்போது அவனே எடுக்க நினைத்த படத்தில் யாரும் எதையும் விற்கப் போவதில்லை, யாரும் சாகப் போவதுமில்லை. ஒரு வெள்ளைக்காரக் கிழவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிற ஒருவன். அவனுக்கென்று அறை கிடையாது, கிழவரின் அறை வாசலில் போட்ட சோபாதான் படுக்கை. மத்தியானம் கிழவர் தூங்குகிற நேரத்தில் அவனுடைய காதலன் வருவான். கிழவரின் மகளிடம் ‘கசின்’ என்று சொல்லி வைத்திருக்கிறான். உண்மை தெரிந்தால் வேலை போய்விடும், ஊருக்கு அனுப்புகிற பணமும் நின்றுவிடும். குழந்தைகள் அறையில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன ஸ்பீக்கர் சமையலறை மேஜையில் இருக்கும். அதில் கிழவர் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சு கலையாமல் இருக்கிற வரைக்கும்தான் இரண்டு பேருக்கும் நேரம். அவர்கள் சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், கிசுகிசுப்பாகப் பேசுவார்கள். படத்தின் நடுவில் ஒரு காட்சி. கிழவரைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போன அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, மற்றவன் முதுகில் தைலம் தேய்த்து விடுகிறான். அவ்வளவுதான்.

‘முத்தம்கூடக் கிடையாதா?’ என்று கேட்டேன்.

‘முத்தம் யார் வேணா குடுக்கலாம்டா. வேலை முடிச்சு வந்தவனுக்குத் தைலம் தேய்க்க எல்லாராலும் முடியாது.’

படப்பிடிப்பு என்றால் முதலில் சோறு. அவர்கள் வழக்கம் அது. பெரிய குக்கரில் அரிசி வைத்து, கறி செய்து இறக்கிய பிறகுதான் கேமரா பையைத் திறப்பார்கள். நடிக்கிறவர்கள் எல்லாம் அவனோடு வேலை செய்கிறவர்கள், ஷிஃப்ட் முடிந்து யூனிஃபார்மோடு நேராக வந்துவிடுவார்கள். தூக்கம் வருகிறவர் எங்கள் கட்டிலில் போய்ப் படுத்துக்கொள்வார், அவர் காட்சி வரும்போது எழுப்பிக்கொள்வார்கள். கேமரா பிடித்தது ஒரு நர்ஸ் அக்கா. அந்தம்மா வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, ஆனால் கை மட்டும் அசையாது.

தைலக் காட்சி எடுக்கிற அன்றைக்குப் பார்த்து, கதாநாயகனுக்கு முதியோர் இல்லத்திலிருந்து போன். யாரோ லீவு போட்டுவிட்டார்கள், அடுத்த ஷிஃப்டையும் பார்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். அவனுக்கு ஊரில் வயதான அப்பா அம்மா, டயாலிசிஸ் செலவு. தட்டில் பாதிச் சோற்றோடு எழுந்து நின்று திருதிருவென்று முழித்தான். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். இவன் அந்தச் சோற்றை டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்து, ‘போ போ, வேலைதான் முக்கியம்’ என்று அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பினான்.

‘உன் முதுகு கிட்டத்தட்ட அவன் முதுகுதான். சட்டையைக் கழட்டு.’

‘உனக்கென்ன பைத்தியமா?’

‘முகம் வராது. முதுகு மட்டும். ப்ளீஸ்டா.’

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடைக்குப் போனால் அவனுக்கு இரண்டடி முன்னால் நடக்கிறவன் நான். தமிழ் முகம் ஒன்று எதிரில் வந்தால் அந்த இரண்டடி பத்தடி ஆகும். அவனுக்கு அது தெரியும், ஒரு நாளும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அன்று ஏனோ, அந்தப் பாதித் தட்டைப் பார்த்த வருத்தமோ என்னவோ, சட்டையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். காதலனாக நடித்த பையன் என்னைத் தொடக் கூச்சப்பட்டான். மாவில் கை வைக்கிற மாதிரி விரல் நுனியால் தொட்டான். அவனை நகரச் சொல்லிவிட்டு, இவனே தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு வந்தான். படத்தில் கை மட்டும்தானே தெரியப் போகிறது.

ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்தில், அவன் என் இடுப்பிலிருந்து தோள் வரைக்கும் மெதுவாகத் தேய்த்தான். அத்தனை பேர் எதிரில் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் கேமராவில் இல்லை என்பதால் அழுதேன். நர்ஸ் அக்கா ‘கட்’ சொன்ன பிறகும் அவன் கையை எடுக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் எல்லோரும் சோறு சாப்பிட்டோம்.

நான் கவனிக்காமல் விட்டது என் இடுப்பை. இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தது. கறுப்புக் கயிறு, அதில் கோர்த்த வெள்ளித் தாயத்து. எங்கள் ஈரோட்டுப் பக்கத்தில் ஆண்பிள்ளை பிறந்ததும் கட்டுகிற கயிறு. புதுக் கயிறு கட்டாமல் பழையதை அறுக்க மாட்டார்கள், இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது. கயிறில்லாத இடுப்பு செத்தவனுக்குத்தான். அப்பாவைக் குளிப்பாட்டியபோது அவர் கயிற்றை அறுத்ததை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அதிலிருந்து வீடியோ காலில் என்னிடம் கேட்கிற கடைசிக் கேள்வி, ‘அரணாக்கயிறு இருக்குதா கண்ணு?’ என்பதுதான். தாயத்து குலதெய்வம் கோயிலில் அவள் வேண்டி வாங்கி வந்தது. சட்டை, பனியன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்தவன், பிறந்ததிலிருந்து உடம்போடு கிடக்கிற அதை மறந்தேவிட்டேன். கேமரா முன்னால் இந்தக் கயிற்றோடு உட்கார்ந்துவிட்டு, அது இருப்பதே தெரியாமல் எழுந்து போக, எங்கள் ஊர்க்காரனால் மட்டும்தான் முடியும்.

எடிட் பண்ணும்போதுதான் தெரிந்தது. லேப்டாப்பில் என் இடுப்பும் கயிறும் வெள்ளியின் மினுக்கும். எனக்குப் பகீரென்றது. அவனுக்கோ ஒரே சந்தோஷம். ‘எங்க ஊர்லயும் தாயத்து கட்டுவாங்க. கதைல வர்றவனோட அம்மா கட்டி அனுப்பினதா இருக்கட்டும். நானே யோசிச்சிருந்தாலும் இவ்வளவு நல்லா வந்திருக்காது’ என்றான். யார் பார்க்கப் போகிறார்கள், நாற்பது நர்ஸுகள் பார்ப்பார்கள் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்தக் கோடையில் அம்மா ஆறு மாத விசாவில் வந்தாள். எங்கள் ஜனங்களுக்கு இது தெரிந்த சடங்குதான். பெற்றோர் வருவதற்கு முன்னால் வீட்டை ஒழுங்கு பண்ணுவார்கள். சிலர் பாட்டிலை ஒளித்து வைப்பார்கள், நான் ஒரு ஆளை ஒளித்து வைப்பேன். முன்பு அம்மா வந்தபோதெல்லாம் அவன் ஜெர்சி சிட்டியில் நண்பன் வீட்டுக்குப் போய்விடுவான். இந்தத் தடவை அந்த நண்பன் டெக்ஸஸ் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதனால் இவன் தலையணையும் ஷேவிங் சாமான்களும் சின்ன ரூமுக்குப் போயின. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த எங்கள் கடற்கரைப் போட்டோ டிராயருக்குள் போனது. ‘செட் மாத்தியாச்சு, டைரக்டர் சார் ஓகேவா?’ என்று என்னைக் கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே அம்மாவிடம் ‘ரூம்மேட்’ என்று சொல்லி முடித்துவிட்டேன்.

நான் பகலில் ஆபீஸ், அவன் பகலில் வீடு. அம்மாவும் பகலில் வீடு. இந்தக் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. ஒரு வாரத்தில் இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள். பாதி சைகை, பாதி போனில் இருக்கிற மொழிபெயர்ப்பு. அவன் ‘போதும்’, ‘இன்னும் கொஞ்சம்’, ‘உக்காருங்க’ எல்லாம் கற்றுக்கொண்டான். ஒருநாள் வீட்டுக்கு வந்தால் கருவாட்டு வாசம் காரிடார் வரைக்கும் வருகிறது.

‘இந்தத் தம்பி வறுக்கற கருவாடு நம்மூட்டுக் கருவாடு மாதிரியேதான் இருக்குது கண்ணு. அவுங்கூர்லயும் முருங்கத்தழை திங்கறாங்களாமா’ என்றாள் அம்மா.

‘பக்கத்து வீட்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்கம்மா’ என்று எரிந்து விழுந்தேன்.

‘பண்ணுனா பண்ணிப்போட்டுப் போறாங்க. வந்து கை கழுவு.’

இரண்டு பேரும் என்னைப் பார்த்து ஒரே மாதிரி சிரித்தார்கள். பொறாமையாக இருந்தது. அதற்கும் மேலே, இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு தினமும் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று சோறு இறங்கவில்லை.

ஜெர்சி சிட்டியில் ஒரு நூலக அரங்கில் பிலிப்பைன்ஸ்காரர்கள் நடத்துகிற சின்னத் திரையிடலுக்கு அவன் படம் தேர்வானது. சாப்பாட்டு மேஜையில் வைத்து அதைச் சொன்னான். அவன் முகத்தை அப்படிப் பார்த்து வெகு காலமாகிவிட்டது. விடுமுறை நாளை எல்லாம் விட்டு, மிச்சம் பிடித்த தூக்கத்தை எல்லாம் விட்டு எடுத்த படம் அது. நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன். அம்மா உடனே, ‘நம்மூட்ல எடுத்த படமாச்சே, நானும் வரோணும்’ என்றாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. மொழிபெயர்க்காமலே அவனுக்குப் புரிந்துவிட்டது. ‘வாங்கம்மா, வாங்க’ என்று தமிழிலேயே சொன்னான்.

அந்தக் கயிறும் தாயத்தும் அவள் கையால் கட்டியவை. இருட்டில் தடவிப் பார்த்தாலே சொல்லிவிடுவாள்.

மறுநாள் காலை, நான் ஆபீஸ் கிளம்புகிற நேரத்தில் அவன் ஷிஃப்ட் முடிந்து வந்தான். நாங்கள் தனியாகப் பேசிக்கொள்ள மிச்சமிருந்த இடம் பார்க்கிங் லாட் மட்டும்தான். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு காரிலிருந்து இறங்கினான். ‘சாப்பிட்டியா’ என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தேன்.

‘அந்த ஷாட் வேணாம். என் முதுகு. எடுத்துரு.’

அவன் கார் கதவைச் சாத்தினான். ‘கயிறா பிரச்சனை? கயிற அவுத்து வெச்சுட்டு உக்காரு. நாளைக்கே மறுபடி எடுத்துரலாம்.’

‘அம்மா வீட்ல இருக்காங்க. எப்படி எடுக்கிறது?’

‘அப்ப கயிறு பிரச்சனை இல்ல.’

‘நீ சும்மா இரு. உனக்கு எங்க ஆளுங்களப் பத்தித் தெரியாது.’

‘படத்துல ஒருத்தன் கசின்னு பொய் சொல்றான். உண்மை தெரிஞ்சா வேலை போயிரும், வீட்டுக்குப் பணம் போகாது. உனக்கு என்னடா போயிரும்?’

‘எங்கம்மா போயிருவாங்க’ என்று கத்தினேன். நாயை நடத்திக்கொண்டு போன ஓர் அங்கிள் திரும்பிப் பார்த்தார்.

அவன் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், திருப்பிக் கத்தியிருப்பேன். ‘சரி, எடுத்துடறேன்’ என்றான். என் சட்டைக் காலர் மடங்கியிருந்ததைச் சரி பண்ணக் கையைத் தூக்கினான், அங்கிள் இன்னும் நிற்பதைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டான். உள்ளே போய்விட்டான்.

ஹைவேயில் போகும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது. வருத்தம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. வழியில் காபி வாங்கிக் குடித்தேன், ரேடியோவில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்தேன்.

குற்ற உணர்ச்சி வந்தால் நான் ஆன்லைனில் சாமான் வாங்குகிற ஆள். அவனுக்கு நல்ல நாற்காலி வாங்கினேன், முதுகுக்கு ஒத்தடம் கொடுக்கிற மின்சார மெத்தை வாங்கினேன். வந்த பெட்டியை எல்லாம் பிரித்து, ‘தேங்க்ஸ்டா’ என்று சொல்லி, முறையாக உபயோகித்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. அம்மாவோடு வழக்கம் போலச் சமைத்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல், ‘அந்தக் காட்சி இல்லாம படம் நிக்குமா?’ என்று கேட்டேன்.

‘வேற ஒண்ணு எடுத்து வெச்சுட்டேன்’ என்றான்.

கதாநாயகனுக்கு லீவு கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். யாரை வைத்து எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு நீளும்.

திரையிடல் ஒரு சனிக்கிழமை பிற்பகல். அம்மா பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். அரங்கத்துக்கு வெளியே நீள மேஜையில் நூடுல்ஸும் சோறும் கறியும் பெரிய அலுமினியத் தட்டுகளில் வைத்திருந்தார்கள். ‘படம் பாக்க வர்றவிங்களுக்குச் சோறு போடறாங்க பாரு, நல்ல ஜனங்க’ என்று அம்மாவுக்கு ஏகத் திருப்தி. நர்ஸ் அக்கா அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். இவன் அம்மாவைக் கைபிடித்து ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டு போய், ‘என் ரூம்மேட்டோட அம்மா’ என்று அறிமுகம் செய்தான். அங்கே இருந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் யாரென்று தெரியும். என் பொய்யை எனக்காக அவன் அங்கேயும் சுமந்துகொண்டு திரிந்தான், அத்தனை பேரும் தெரியாத மாதிரி தலையாட்டினார்கள். எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

படம் ஆரம்பித்தது. அவன் உட்காரவில்லை, பின்னால் சுவரோரம் நின்றுகொண்டான். திரையில் எங்கள் அடுப்பு, எங்கள் ஜன்னல். மேஜையில் ஸ்பீக்கர், அதில் கிழவரின் மூச்சு. ஜனங்கள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். தைலக் காட்சி வந்தது.

ஸ்டூலில் ஒரு முதுகு. கதாநாயகனுடையது இல்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே மச்சம். அது அவனுடைய முதுகு, தினமும் நான் பார்த்த முதுகு. என் முதுகை எடுக்கச் சொன்னேன், அந்த இடத்தில் அவன் தானே போய் உட்கார்ந்திருக்கிறான். தேய்க்கிறவனின் கைக்காகக் காத்திருந்தேன்.

கை வந்தது. கறுத்த கை. தடித்த விரல்கள், ஒட்ட வெட்டிய நகங்கள், காய்ப்பேறிய உள்ளங்கை. பார்த்தவர்களுக்கு அது காலமெல்லாம் உழைத்த ஓர் ஆண் கை. சுண்டு விரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை. அந்தச் சுண்டு விரலை எனக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில், மிரண்டு ஓடிய கன்றின் கயிறு சுற்றி இழுத்து வளைந்து போன விரல் அது.

அம்மாவின் கையில் எப்போதும் இரண்டு தங்க வளையல் கிடக்கும். அப்பா போன பிறகு சொந்தக்காரர்கள் என்னென்னவோ சொல்லியும் கழற்றாதவள். திரையில் அந்தக் கை வெறுங்கையாக இருந்தது. இடுப்பில் தைலத்தை விட்டு, உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அழுத்தி, தண்டுவடத்தின் ஓரமாக மேலே மேலே கொண்டுபோய், தோளில் வந்து ஒரு நிமிஷம் நின்றது. எனக்குக் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் தேய்ப்பாள். பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அம்மா திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த கையில் வளையல்கள் பழையபடி கிடந்தன.

படம் முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் அவனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நான் அம்மாவை அழைத்துக்கொண்டு காருக்கு வந்துவிட்டேன். ஓடி வந்தேன் என்றே சொல்ல வேண்டும். அவள் முன் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். நான் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருந்த சுவரைப் பார்த்தேன்.

‘அது உங்க கைதானேம்மா?’

‘ஆமா. நல்லாத்தான் எடுத்துருக்குது.’

‘என்ன படம்னு தெரிஞ்சா பண்ணீங்க?’

‘தெரியாம என்ன? நான் வந்த புதுசுலயே அந்தத் தம்பி முழுப் படமும் போட்டுக் காட்டுச்சு. ரெண்டு பசங்க ஒருத்தர ஒருத்தரு பாத்துக்கறாங்க. இதுக்கு இங்கிலீஷு தெரியோணுமா?’ வளையலை மேலே தள்ளி விட்டுக்கொண்டாள். ‘அதுல உன்ற முதுகு இருந்துச்சு. நான் கட்டுன தாயத்து எனக்குத் தெரியாதா? அதுகிட்ட ஒண்ணும் கேக்குல, நான் படம் பாத்ததை உன்றகிட்டச் சொல்ல வேண்டாம்னு மட்டும் சொன்னேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.’

நான் கார் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

‘அப்பறம் ஒரு நாளு பாத்தா அந்த எடத்துல ஒண்ணும் இல்லை. என்னாச்சு தம்பின்னேன். கம்ப்யூட்டர்ல கெட்டுப் போச்சுன்னுச்சு. பொய் சொல்லத் தெரியாத புள்ளை, கண்ணெல்லாம் ரொம்பிப் போச்சு. நாந்தான் சட்டையக் கழட்டச் சொன்னேன். தம்பி, உன்ற முதுகு வலிதான் எனக்குத் தெரியுமே, உக்காரு, நான் தேச்சு உடறேன், அதைய எடுத்துக்கோன்னேன். வளவி இருந்தா பொம்பள கைன்னு தெரிஞ்சுபோகும்னு கழட்டி வெச்சேன்.’

என் பக்கம் திரும்பினாள்.

‘ஆனாலும் உன்ற முதுகுதான் கண்ணு நல்லா இருந்துச்சு. அதைய எதுக்கு வெட்டச் சொன்னே?’

‘நீங்க போயிருவீங்கன்னு நெனச்சேன்’ என்று சொல்ல வந்தேன். போகாதவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டியது அவளிடம் மட்டும் இல்லை என்றும் தெரிந்தது.

அப்போது அவன் வந்துகொண்டிருந்தான். மிஞ்சின சோற்றுத் தட்டுகளை இரண்டு கையிலும் அடுக்கிக்கொண்டு, இடுப்பைக் கொஞ்சம் சாய்த்து நடந்து வந்தான். அம்மா பெல்ட்டை அவிழ்த்தாள். கதவைத் திறந்து இறங்கி, பின் சீட்டில் போய் உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டாள்.

அவன் வழக்கம் போலப் பின் கதவைத் திறந்தான். உள்ளே அம்மா. காலியாக இருந்த முன் சீட்டைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். உட்காரலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. ‘வாடா’ என்ற ஒரு சொல் போதும். அவனுக்குப் புரிகிற தமிழ்தான். எனக்கு அது வாயில் வரவில்லை.

அவன் கையிலிருந்த தட்டுகளை அம்மா வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

‘முன்னால போயி உக்காரு சாமி’ என்றாள்.